தோட்டத்துக்குள் குழாய் வந்தால் யாரைக் கேட்பது? மத்திய – மாநில அதிகாரப் பங்கீடு, கொங்கு நாட்டு உதாரணங்களோடு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என எந்த மாவட்டத்தின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பதில் காதில் விழும்: "இது சென்ட்ரல் கவர்மென்ட் திட்டமுங்க, எங்க கையில ஒண்ணும் இல்லைங்க." எரிவாயுக் குழாய்க்கும் இதே பதில்தான், உயர்மின் கோபுரத்துக்கும் இதே பதில்தான். டெல்லி தரப்பில் கேட்டால், "நிலம் மாநில அரசோட விஷயம், அவங்கதான் எடுத்துக் கொடுக்கறாங்க" என்பார்கள். இரண்டுமே பொய்யில்லை என்பதுதான் சிக்கல். ஒரே தோட்டத்தின் மேல் இரண்டு அரசுகளின் அதிகாரமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. மேலே கிடப்பது எது என்பதைத் திட்டத்தின் பெயர்ப்பலகை சொல்லாது. அதன் பின்னால் இருக்கும் சட்டம்தான் சொல்லும்.

அடிப்படை: அதிகாரம் எங்கிருந்து வருகிறது

அரசியலமைப்புப்படி நடக்கும் ஆட்சி என்றால், பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக ஓர் அரசு நினைத்ததைச் செய்துவிட முடியாது. செய்யும் ஒவ்வொன்றுக்கும் அரசியலமைப்பில் ஓர் ஆதாரம் காட்ட வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் இது பொருந்தும். அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்று 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட்டாட்சி முறையும் அந்த அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்பதை 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்குத் தீர்ப்பு உறுதி செய்தது.

டெல்லியை ஹெட் ஆபீஸாகவும் சென்னையைப் பிராஞ்ச் ஆபீஸாகவும் நினைப்பவர்கள் நிறையப் பேர். அது சரியில்லை. பிராஞ்ச் மேனேஜருக்கு ஹெட் ஆபீஸ் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு. மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது நாடாளுமன்றம் அல்ல; இரண்டுக்கும் கொடுத்தது அரசியலமைப்பு.

அதற்காக இரண்டும் சம பலம் என்றும் சொல்லிவிட முடியாது. அரசியலமைப்பின் பிரிவு 3இன்படி ஒரு மாநிலத்தின் எல்லையையே சாதாரணப் பெரும்பான்மையில் நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதை ஏற்க வேண்டும் என்றில்லை. கோவை மாவட்டத்தின் தாலுகாவாக இருந்த கொள்ளேகால் 1956 நவம்பர் 1ஆம் தேதி மைசூர் மாநிலத்துக்குப் போனது மாநில மறுசீரமைப்புச் சட்டம் என்ற நாடாளுமன்றச் சட்டத்தால்தான்.

மூன்று பட்டியல்கள்

எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்பதை ஏழாவது அட்டவணை மூன்றாகப் பிரிக்கிறது. 1950இல் இருந்த கணக்கு இது:

1. மத்தியப் பட்டியல், 97 இனங்கள். ராணுவம், ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, பெட்ரோலியம், வங்கி.
2. மாநிலப் பட்டியல், 66 இனங்கள். போலீஸ், பொது அமைதி, நிலம், விவசாயம், சந்தை, உள்ளாட்சி.
3. பொதுப் பட்டியல், 47 இனங்கள். மின்சாரம், நிலம் கையகப்படுத்துதல் (1956 முதல்), விலங்கு வதைத் தடுப்பு. இதில் இரண்டு பேரும் சட்டம் போடலாம்.

எதிலும் சேராதது நாடாளுமன்றத்துக்கு (பிரிவு 248). கல்வியும் வனமும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தவை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

பட்டியலைப் படிக்கும்போது கண்ணில் படாமல் போகும் ஒரு சங்கதி உண்டு. மாநிலப் பட்டியலின் பல இனங்கள் முழுசாக மாநிலத்துடையவை அல்ல. "மத்தியப் பட்டியலின் இன்ன இனத்துக்கு உட்பட்டு" என்ற கொக்கி இருக்கும். தண்ணீர் 17ஆவது இனம், ஆனால் மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளைப் பற்றிய மத்தியப் பட்டியல் 56ஆவது இனத்துக்கு உட்பட்டது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் மாநில அரசின் திட்டம்தான். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் 1.5 டிஎம்சியை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறது. ஆனால் பவானி காவிரியின் கிளை நதி. காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய அளவுக்குள்தான் அந்த 1.5 டிஎம்சியும் அடக்கம். பரம்பிக்குளம்–ஆழியாறு விவகாரம் வேறு வகை. அது தமிழ்நாடும் கேரளாவும் 1970இல் கையெழுத்திட்டு 1958 முதல் செல்லும் என்று போட்டுக்கொண்ட ஒப்பந்தம். பொள்ளாச்சிக்காரர்கள் தண்ணீர் வராதபோது திருவனந்தபுரத்தைத் திட்டுவதற்கு இதுதான் காரணம்.

எரிவாயுக் குழாய்: ஒரு வழக்கை அருகில் வைத்துப் பார்ப்போம்

கொச்சியிலிருந்து பெங்களூருக்கும் மங்களூருக்கும் எரிவாயு கொண்டுபோகும், மத்தியப் பொதுத்துறை நிறுவனமான கெயிலின் குழாய், தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்கள் வழியாகச் சுமார் 310 கிலோமீட்டர் போவதாகத் திட்டம். விளைநிலத்துக்குள் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்பது விவசாயிகளின் கோரிக்கை.

இதற்குப் பயன்பட்டது 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டம். சாதாரண நில எடுப்புச் சட்டம் போல இது நிலத்தை வாங்குவதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். நிலத்தில் குழாய் பதித்து வைத்திருக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளம் குட்டை எடுக்கக் கூடாது, மரம் எதுவும் வைக்கக் கூடாது. 20 மீட்டர் அகலத்துக்கு இந்தத் தடை. அதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச்சேதம், மரச்சேதம் தனி. ராகி, சோளம் போடுகிற காட்டில் இந்தச் சட்டத்தோடு ஒருமாதிரி ஒத்துப்போய்விடலாம். தென்னந்தோப்புக்காரருக்கு அப்படியில்லை. தோப்பின் குறுக்கே 20 மீட்டர் என்றால் ரெண்டு மூணு வரிசை தென்னை போகும், மறுபடி வைக்கவே முடியாது. கிணற்றை நம்பிப் பண்ணையம் பார்க்கும் ஊரில், கிணறு வெட்ட முடியாத நிலத்தை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள்? 10 சதவீதக் கணக்கு கொங்கு நாட்டு விவசாயத்தை அறிந்து போட்டதல்ல என்பது என் கருத்து.

சரி, மாநில அரசு தடுத்திருக்கலாமே? தடுத்துப் பார்த்தது. விவசாயிகளிடம் கருத்துக் கேட்ட பிறகு, 2013 ஏப்ரலில், விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகப் போக வேண்டும் என்று அன்றைய ஜெயலலிதா அரசு கெயிலுக்குச் சொன்னது. 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

மாநிலம் ஏன் தோற்றது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் பங்கீடு எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

1. நிலம், மாநிலப் பட்டியல் 18ஆவது இனம். இது மாநிலத்தின் பலம்.
2. பெட்ரோலியம், மத்தியப் பட்டியல் 53ஆவது இனம். இயற்கை எரிவாயுவும் இதில் அடக்கம் என்று 2004இலேயே உச்ச நீதிமன்றம் குஜராத் அரசு போட்ட ஒரு சட்டத்தை முன்வைத்துச் சொல்லிவிட்டது.
3. ஒரு சட்டம் இரண்டு பட்டியல்களையும் தொட்டால், அதன் சாரம் எதைப் பற்றியது என்று நீதிமன்றம் பார்க்கும். 1962 சட்டத்தின் சாரம் பெட்ரோலியக் குழாய். அது நிலத்தைத் தொடுவது போகிறபோக்கில் நடப்பது.
4. ஆகவே, குழாய் எந்த வழியில் போகலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த மத்தியச் சட்டத்துக்குள் இருக்கிறது. மாநிலம் வெறும் நிர்வாக உத்தரவால் அதை மாற்ற முடியாது.

சட்டத்தில் கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாளே ஜேசிபி காட்டுக்குள் இறங்கிவிடவில்லை. வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. காரணம் எளிது. சர்வேயர், விஏஓ, தாசில்தார், பாதுகாப்புக்கு வரும் போலீஸ் எல்லோரும் மாநில அரசின் ஆட்கள். மத்தியச் சட்டங்களை மாநிலங்கள் நிறைவேற்ற வேண்டும் என்று பிரிவு 256 சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் என்று சொல்லவில்லை. பட்டியலில் தோற்ற மாநிலத்துக்கும் களத்தில் ஒரு பிடி மிச்சம் இருக்கிறது. விவசாயிகள் சென்னையை நெருக்குவதில் பயன் இருப்பது இதனால்தான்.

கலெக்டருக்கு இரண்டு தொப்பிகள் இருப்பதும் இங்கேதான் தெரியும். பிரிவு 258இன்படி மத்தியச் சட்டங்கள் மாநில அதிகாரிகளுக்கே வேலை கொடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் வருவாய் அதிகாரி மாநில அரசின் சம்பளம் வாங்குகிறார். செய்வது மத்தியச் சட்டத்தின் வேலை.

எப்போதும் டெல்லிக்கும் சென்னைக்கும் சண்டை என்றில்லை

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலையில் இரு அரசுகளும் ஒரே பக்கம் நின்றன. எதிரே நின்றவர்கள் நிலத்துக்காரர்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. மாநில உரிமை பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் வசதியாக மறந்துவிடுவார்கள். மாநிலத்திடம் அதிகாரம் இருந்தால் விவசாயி தானாகப் பிழைத்துக்கொள்வார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உயர்மின் கோபுரத்தில் நிலைமை இன்னும் வேறு. மின்சாரம் பொதுப் பட்டியல். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு, மின்பாதை போடும் நிறுவனத்துக்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களைக் கொடுக்க வழி செய்தது. புகளூருக்கு வரும் பாதை உட்பட மேற்கு மாவட்டங்களில் எழுந்த எதிர்ப்புகள் முட்டி நின்றது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் மேல்தான். அதில் நிலத்துக்காரர் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, இழப்பீடு மட்டும் உண்டு. ஆனால் நிலத்துக்காரர் மறித்தால் வேலையைத் தொடர உத்தரவு போட வேண்டியவர் மாவட்ட நடுவர், அதாவது கலெக்டர். கோபுர விஷயத்தில் "எங்க கையில ஒண்ணும் இல்லைங்க" என்பது முழு உண்மையல்ல.

இரண்டு சட்டங்கள் மோதினால்: காளையும் நீட்டும்

பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் போட்டு, இரண்டும் முரண்பட்டால் பிரிவு 254 பதில் சொல்கிறது. பொது விதி: நாடாளுமன்றச் சட்டம் நிற்கும், மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்கு விழும். விதிவிலக்கு: மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும்.

ஜல்லிக்கட்டு பிழைத்தது இந்த விதிவிலக்கால். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தபோது, தமிழ்நாடு 2009இல் போட்ட சட்டம் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுகிறது என்பது முக்கியக் காரணம். 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு வழியை மாற்றியது. தனிச் சட்டம் போடாமல் மத்தியச் சட்டத்தையே தன் எல்லைக்குள் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதலையும் வாங்கியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. வளர்க்க ஆள் இருந்தால்தான் காங்கேயம் காளை இனம் நிற்கும் என்பது போராட்டத்தில் ஓங்கி ஒலித்த வாதம். நாட்டு மாடுகளைக் காப்பது என்ற நோக்கம் அந்தத் திருத்தத்திலும் எழுதப்பட்டது.

அதே 2017இல், அதே பிரிவு 254 வழியில், நீட் விலக்கு மசோதாக்களையும் தமிழ்நாடு அனுப்பியது. ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021இல் புது மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் கிடையாது. குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். எனவே பொதுப் பட்டியலில் மாநிலத்துக்குக் கிடைக்கும் விலக்கு என்பது டெல்லியின் மனசு சம்பந்தப்பட்டது. காளைக்கு மனசு வந்தது, நீட்டுக்கு வரவில்லை.

ஆளுநர் கட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பிரிவு 200இன் கீழ் மசோதாக்களைக் காலவரையின்றி வைத்திருக்க முடியுமா என்ற வழக்கில், தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பரில், நீதிமன்றம் காலக்கெடு வைப்பதும் அப்படித் தானாக ஒப்புதல் கொடுப்பதும் முடியாது, ஆனால் காரணமில்லாத நெடுங்காலத் தாமதத்தை நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. அந்த 10 மசோதாக்களில் பல துணைவேந்தர் நியமனம் பற்றியவை. இந்த இழுபறிக்கு நடுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகம் துணைவேந்தர் இல்லாமலேயே நெடுநாள் ஓடியது.

நொய்யல்: மாநில விஷயத்தில் மத்தியச் சட்டம் எப்படி வந்தது

தண்ணீர் மாநில விஷயம் என்றால், சாயப்பட்டறைகளுக்குப் பொருந்தும் 1974ஆம் ஆண்டு நீர் மாசுச் சட்டம் நாடாளுமன்றச் சட்டமாக இருப்பது எப்படி? பிரிவு 252 வழியாக. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால், மாநிலப் பட்டியல் விஷயத்திலும் அந்த மாநிலங்களுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். மற்ற மாநிலங்கள் பின்னால் தீர்மானம் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். தமிழ்நாடு அப்படிச் சேர்ந்தது. இதற்கு ஒரு விலை உண்டு. சேர்ந்த பிறகு அந்தச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் திருத்த முடியாது. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்று 2024இல் வந்த திருத்தம்கூட இமாச்சலமும் ராஜஸ்தானும் தீர்மானம் போட்டுக் கேட்டதால் தொடங்கியது.

நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமான கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டும் வரை பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே சட்டம் டெல்லியுடையது, அதை நிறைவேற்றாமல் விட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துடையது, சாட்டையைச் சொடுக்கியது நீதிமன்றம். பழியை எந்த அரசும் முழுசாக மற்றதன் தலையில் கட்ட முடியாது.

பணம்: ஜிஎஸ்டி மன்றத்தில் யாருக்கு எவ்வளவு கை

2016இன் 101ஆவது திருத்தம் ஜிஎஸ்டிக்கு வழி விட்டது. 2017 ஜூலை 1 முதல் நடப்பு. மாநிலங்கள் தங்கள் விற்பனை வரியின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்தில் ஓர் இடம் வாங்கிக்கொண்டன. அந்த இடத்தின் மதிப்பு என்ன?

1. மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு.
2. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு எடை வேண்டும்.
3. ஆகவே மத்திய அரசு ஒப்பாமல் எதுவும் நிறைவேறாது. எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் 66.7 சதவீதம்தான், தேவை 75.
4. மத்திய அரசு தனியாகவும் எதையும் நிறைவேற்ற முடியாது. வாக்களிக்கும் மாநிலங்களில் 62.5 சதவீதமாவது அதோடு சேர்ந்து வர வேண்டும்.
5. எல்லா மாநிலங்களுக்கும் சம வாக்கு. பனியன் ஏற்றுமதியின் தலைநகரை வைத்திருக்கும் மாநிலத்துக்கும், பின்னலாடை இயந்திரத்தையே பார்க்காத சின்ன மாநிலத்துக்கும் ஒரே எடை.

துணிமணி வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கி 2022 ஜனவரி 1 முதல் வசூலிப்பதாக இருந்தது. திருப்பூரும் ஈரோடும் கொதித்தன. குஜராத்தின் சூரத்தும் கொதித்தது. 2021 டிசம்பர் 31ஆம் தேதி, அதாவது முதல்நாள், மன்றம் கூடி அதைத் தள்ளிவைத்தது. மன்றத்தில் திருப்பூரின் குரல் எடுபட வேண்டுமானால் வேறு மாநிலத்து ஜவுளி ஊர்களும் கூடக் குரல் கொடுக்க வேண்டும் என்பதுதான் மேலே உள்ள கணக்கின் நடைமுறை அர்த்தம். மன்றத்தின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் தனியாக விலகிப் போக எந்த மாநிலமும் துணியவில்லை.

வருமான வரி போன்ற மத்திய வரிகளில், 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழுப்படி பகிரத்தக்க தொகையில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பது பகிரத்தக்க தொகைக்குள் வராது.

கோவை மெட்ரோ எந்தப் பட்டியல் சண்டையிலும் சிக்கவில்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியபோது சுட்டியது 2017 மெட்ரோ ரயில் கொள்கையில் உள்ள 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவை. கொள்கை என்பது சட்டம் அல்ல, பணம் கொடுப்பவர் போடும் நிபந்தனை. நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகக் கடினமான அதிகாரம் இதுதான்.

அப்போ மனு யாருக்கு?

1. எரிவாயுக் குழாய்: 1962 சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட தகுதிபெற்ற அதிகாரிக்கு. இழப்பீடு போதாதென்றால் மாவட்ட நீதிபதி.
2. தேசிய நெடுஞ்சாலை: அதற்கென்று நியமித்த நில எடுப்பு அதிகாரிக்கு. தொகையில் தகராறு என்றால் நடுவர் தீர்ப்பாயர்.
3. மின்கோபுரம்: வேலையைத் தொடரும் உத்தரவு பற்றிக் கலெக்டரிடம், இழப்பீட்டுக்கு மாவட்ட நீதிபதி.
4. சாயக்கழிவு: மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அப்புறம் பசுமைத் தீர்ப்பாயம்.
5. ஜிஎஸ்டி விகிதம்: மாநில நிதியமைச்சர் வழியாக மன்றத்துக்கு.

முதல் இரண்டிலும் ஆட்சேபனைக்கு அரசிதழ் அறிவிக்கையிலிருந்து 21 நாள்தான் அவகாசம். மாதம் ஒருமுறை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குக் காத்திருந்தால் அந்த 21 நாள் போய்விடலாம். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுப்பார்கள். ஆனால் தகுதிபெற்ற அதிகாரியின் ஆபீஸில் பதிவாகாத மனு, சட்டப்படி ஆட்சேபனையாகக் கணக்கில் வராது.